நெய்ச்சோற்றுக் கணக்கில் நம்ம கூலி எங்கே?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பெரியபட்டினம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 



"பிரியாணி, நெய்ச்சோறு ஆர்டர் எடுத்துச் செய்யுறதைப் பற்றி நீ பேசு" என்று நம்ம தலைவி சொன்னார்கள். சமைக்கச் சொன்னால் பயமில்லை. பேசச் சொன்னால்தான் கை நடுங்குது. ஆனாலும் இந்த விஷயத்தில் நாம எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு. அதனால் ஒத்துக்கொண்டேன். பக்குவம் கொஞ்சம், பழைய கதை கொஞ்சம், கணக்கு நிறைய. இந்த மூன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நம்ம கரையின் சோறு

வெளியூரில் பிரியாணி என்றால் ஒரே ஒரு சாமான்தான். நம்ம பக்கம் அப்படி இல்லை. வெறும் நெய்யும் தேங்காய்ப்பாலும் பட்டை கிராம்பும் போட்டு வெள்ளையாக இறக்கினால் நெய்ச்சோறு. அதற்குப் பக்கத்தில் எலும்பும் பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட தாளிச்சா வேணும். கறியும் சோறும் ஒரே தேக்சாவில் சேர்ந்து வெந்தால் பிரியாணி. கடலுக்குப் போனவர்கள் நல்ல வலையோடு வந்தால் இறால் பிரியாணி, மீன் பிரியாணி. இந்து வீடுகளில் தேங்காய்ச் சோறு, புளிச்சோறு. எல்லாமே ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான். சட்டை மட்டும் வேறு வேறு.

விசேஷ வீட்டில் சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதை நாம எல்லாரும் பார்த்திருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை முஸ்லிம் வீடுகளிலும் இதே பழக்கம் உண்டு. அங்கே அதைச் சவன் என்கிறார்கள். பேச்சுத்தான் கொஞ்சம் மாறியிருக்கு, தட்டு மாறவில்லை.

ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு விழா முடிந்து கொடி இறக்கும் அன்று, வந்தவர்களுக்கு நெய்ச்சோறு கொடுப்பார்கள். அதை வாங்க நிற்கிற வரிசையில் எல்லா மதத்துக்காரர்களும் நிற்பார்கள். நம்ம ஊர்ச் சந்தனக்கூடும் அப்படித்தானே? எல்லாரும் சேர்ந்து எடுக்கிற விழா. மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியில் முனியாண்டி சாமிக்குத் தை மாதம் விழா. அங்கே பிரசாதமே பிரியாணிதான். முனியாண்டி விலாஸ் ஓட்டல்காரர்கள் சேர்ந்து நடத்துவது அது. அதனால் 'பிரியாணி என்றால் முஸ்லிம் குழுவுக்கு உரிய தொழில், எங்களுக்கு எதற்கு' என்று இங்கே யாரும் நினைக்க வேண்டாம். சோற்றுக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை. கைப்பக்குவம்தான் உண்டு.

இந்தச் சோறு எங்கிருந்து வந்தது?

பிள்ளைகள் போனைப் பார்த்துவிட்டு வந்து, பிரியாணி பெர்சியாவில் பிறந்தது, முகலாயர் கொண்டு வந்தது என்கிறார்கள். பிரியாணி என்ற சொல் பெர்சிய மொழிச் சொல்தான். ஆனால் கறியையும் அரிசியையும் சேர்த்துச் சமைப்பது நமக்குப் புதுசு இல்லை. சங்க இலக்கியத்திலேயே ஊன்சோறு என்ற சொல் வருகிறது. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். சோற்றோடு கறி சேர்ப்பது இந்த மண்ணுக்குப் பழக்கமானது என்று மட்டும் சொல்கிறேன்.

நம்ம ஊருக்கே ஒரு பழைய கதை உண்டு. திருப்புல்லாணி பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப்பட்டினம் என்ற ஊரில் இருந்த சோனகர் பள்ளிக்குப் பாண்டிய மன்னர் நிலம் கொடுத்ததை அது சொல்கிறது. பெருமாள் கோயில் கல்லில் பள்ளிவாசலுக்குக் கொடுத்த மானியம்! அந்தப் பட்டினம் நம்ம பெரியபட்டினம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1980-களில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இங்கே தோண்டிப் பார்த்தபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கிட்டத்தட்ட 700 வருஷத்துக்கு முந்தியவை. தோட்டத்தில் பிள்ளைகள் சில்லு விளையாட எடுக்கிற ஓடு எந்தத் தேசத்துத் தட்டின் துண்டோ, யாருக்குத் தெரியும்?

அந்தக் காலத்தில் இந்தக் கடல் வழியாகத்தான் பட்டை வந்தது. இப்னு பதூதா என்ற பயணி 1340-களில் இலங்கைக்குப் போனார். அவர் இறங்கிய புத்தளம் நமக்கு எதிர்க்கரைப் பக்கம். அந்தக் கரை முழுக்க ஆற்று வெள்ளம் அடித்து வந்த பட்டை மரம் குவிந்து கிடந்ததாம். நம்ம கரைக்காரர்கள் விலை கொடுக்காமல் அள்ளிக்கொண்டு வருவார்களாம். பதிலுக்கு அந்த ஊர் ராஜாவுக்குத் துணிமணி கொடுப்பார்களாம். அவர் எழுதி வைத்திருக்கிறார். துணியைக் கொடுத்துப் பட்டையை வாங்கிய கரை இது.

மிளகாய் அப்போது இல்லை. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிறகுதான் அமெரிக்காக் கண்டத்திலிருந்து நம்ம நாட்டுக்கு வந்தவை. அப்படிப் பார்த்தால் மிளகாயும் தக்காளியும் இல்லாத நெய்ச்சோறு சிவப்புப் பிரியாணிக்கு மூத்தது மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆம்பூர் பிரியாணி, திண்டுக்கல் பிரியாணி என்று ஊர்ப்பேர் சொல்லி விற்கிறார்கள். நம்ம கரை நெய்ச்சோற்றுக்கும் தாளிச்சாவுக்கும் அந்தப் பேர் இன்னும் வரவில்லை. சரக்கு இல்லாமல் இல்லை. நாம விற்கவில்லை, அவ்வளவுதான்.

நம்ம ஆட்கள் சோறு விற்றும் இருக்கிறார்கள், ஆனால் வெளிநாட்டில். மலேசியாவில் பினாங்கில் நாசி கண்டார் என்று ஒரு சாப்பாடு பிரபலம். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் போடுகிற காவடிக் கம்பு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் கறிப் பானை என்று தோளில் தூக்கித் தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்கள்தான் அதை ஆரம்பித்தார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனவர்கள் அதில் நிறைய. கடை இல்லை, முதல் இல்லை, தோள் மட்டும்தான் இருந்தது. அந்தத் தொழில் இன்றைக்குப் பெரிய பெரிய உணவகமாக நிற்கிறது. கப்பல் ஏறிப் போன ஆண்கள் அந்நிய ஊரில் செய்ததை, சொந்த ஊரில் நாம செய்யக்கூடாதா?

பக்குவம்: வாய்க்கணக்கை எழுத்துக்கணக்காக்குவோம்

வீட்டுக்குச் சமைக்கும்போது "கண்ணளவு போதும்" என்போம். ஆர்டருக்குக் கண்ணளவு போதாது. போன வாரம் சாப்பிட்டவர் இந்த வாரமும் அதே ருசியைக் கேட்பார். நீங்கள் வராத அன்று இன்னொரு உறுப்பினர் அதே மாதிரி செய்ய வேண்டும். அதனால் எங்கள் குழுவில் எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன்.

நெய்ச்சோறு, ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு: நெய்யும் எண்ணெயும் சேர்த்து 200 கிராம். சுருள் பட்டை, கிராம்பு, ஏலம், ஒரு துண்டு ரம்பை இலை. வெங்காயம் கால் கிலோ. அது கண்ணாடி மாதிரி வதங்கினால் போதும், சிவக்கக் கூடாது. சிவந்தால் சோறு நிறம் மாறிப்போகும். இஞ்சி பூண்டு அரைத்தது இரண்டு கரண்டி. ஒரு தேங்காய்ப் பால். தண்ணீரையும் தேங்காய்ப் பாலையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும், தனித்தனியாக இல்லை. ஊறிய அரிசிக்கு ஒன்றுக்கு ஒன்றரை. ஊறாத அரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு, கவனியுங்க. ஒரு கிலோவுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் என்றால் பத்துக் கிலோவுக்கும் அதே பங்கு என்று ஊற்றினால் சோறு குழையும். பெரிய தேக்சாவில் ஆவியாகப் போகிற தண்ணீர், அளவுக்குப் பார்த்தால் குறைவு. அதனால் அரிசி கூடக் கூடத் தண்ணீர்ப் பங்கைக் கொஞ்சம் குறைக்கணும். புது அரிசி என்றால் இன்னும் குறைக்கணும், பழைய அரிசி தண்ணீர் குடிக்கும். மூட்டை மாறினால் முதலில் ஒரு படி போட்டு வெந்து பார்க்காமல் தேக்சாவை ஏற்றாதீர்கள்.

உலைத்தண்ணீரை நாக்கில் வைத்தால் ஒரு கல் உப்புக் கூடுதலாகத் தெரியணும். அரிசி போட்ட பிறகு அது சரியாகிவிடும். தண்ணீர் வற்றி அரிசி மேலே தெரிந்ததும் விறகை வெளியே இழுத்து, மூடியின் ஓரத்தை ஈரத்துணியாலோ மைதா மாவாலோ அடைத்து, மூடிமேல் தணலைப் போட்டு இருபது நிமிடம் தம். இறக்கிய பிறகும் பத்து நிமிடம் திறக்கக் கூடாது. திறந்ததும் நடுவில் கரண்டியை விட்டுக் கிண்டாதீர்கள். ஓரத்திலிருந்து சரித்து எடுத்தால் மணி மணியாக நிற்கும்.

பிரியாணிக்கு மிளகாய்த்தூள் வெளியே வாங்க வேண்டாம். நம்ம மாவட்டத்து முண்டு மிளகாய் இருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் விளைகிற குண்டு மிளகாய். தோல் தடிப்பு, நல்ல நிறம். 2023 பிப்ரவரியில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 'ராமநாதபுரம் முண்டு மிளகாயில் செய்த பிரியாணி' என்று சொல்லி விற்க நமக்கு உரிமையும் இருக்கு, பெருமையும் இருக்கு.

தேக்சாவின் பின்பக்கம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம பக்கம் கல்யாணத்துக்குச் சமைப்பவர் பண்டாரி. பெரும்பாலும் ஆண்கள். நல்ல கைப்பக்குவக்காரர்கள், அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கு. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பண்டாரி அடுப்பு மூட்டுவதற்கு முந்தின நாள் மதியத்திலிருந்து என்ன நடக்கும்? பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூண்டு உரிப்போம். மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்குவோம். இஞ்சி சுரண்டுவோம். அரிசியில் கல் பார்ப்போம். விரல் நுனி எரிந்து, ராத்திரி பிள்ளையைத் தொட்டுத் தூக்க முடியாது. விசேஷம் முடிந்ததும் பண்டாரிக்குப் பேசிய கூலி எண்ணிக் கொடுக்கப்படும். நமக்குத் தூக்குவாளி நிறையச் சோறு. கையில் ஏதோ கொஞ்சம் காசு. "உன் பிள்ளைகளுக்குக் கொண்டு போம்மா" என்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். அதுதான் கஷ்டம். அன்போடு சொன்னதால் கூலி எவ்வளவு என்று கேட்க நமக்கு வாய் வராது.

எங்கள் தெருவில் ஒரு லாத்தா. நாற்பது வருஷமாக விசேஷ வீடுகளில் பூண்டு உரித்தவர். "எவ்வளவு சம்பாதிச்சீங்க லாத்தா?" என்று ஒரு நாள் கேட்டேன். "சம்பாதிக்கிறதா? நான் எங்கம்மா வேலைக்குப் போனேன், ஒத்தாசைக்குத்தானே போனேன்" என்றார். நாற்பது வருஷ உழைப்புக்குப் பேர் ஒத்தாசை!

பெண்களால் பெரிய பாத்திரம் ஏற்ற முடியாது என்று இன்னமும் யாராவது சொன்னால், நம்ம பள்ளிக்கூடங்களைக் காட்டுங்க. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் விடியக்காலையில் எழுந்து சமைப்பது யார்? நம்ம மாதிரிச் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். 1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கியபோது சேமிப்புப் புத்தகம் பிடிப்பதே பெரிய காரியமாக இருந்தது. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். தேக்சா ஏற்றுவது பெரிசில்லை.

கணக்கு: இதை எழுதிக்கொள்ளுங்க

ஆனால் ஒத்தாசை என்கிற பழக்கம் நம்மை விடவில்லை. சொந்தமாக ஆர்டர் எடுக்கும்போதும் கூடவே வருகிறது. எப்படி என்று கணக்கோடு காட்டுகிறேன். பத்துக் கிலோ அரிசி கோழிப் பிரியாணி. ஒரு கிலோ அரிசியில் எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடலாம். சஹன் என்றால் ஒரு சஹனுக்கு அரைக் கிலோ அரிசி என்று வையுங்கள். நாம நடுவில் எடுத்து 90 பேர் என்று வைப்போம். விலை எல்லாம் உதாரணத்துக்குத்தான், சந்தைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அரிசி 10 கிலோ, கிலோ 120 வீதம்: 1,200
கோழி 12 கிலோ, கிலோ 240 வீதம்: 2,880
எண்ணெய், நெய்: 1,000
வெங்காயம், தக்காளி: 360
இஞ்சி, பூண்டு: 300
தயிர், எலுமிச்சை, மல்லி, புதினா, பச்சை மிளகாய்: 300
பட்டை கிராம்பு, மிளகாய்த்தூள், உப்பு: 360
தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய்: 600
சாமான் மொத்தம்: 7,000 ரூபாய்

விறகு 500, பாத்திர வாடகை 300, ஆட்டோ 400, இலை, டப்பா 300. இது 1,500. ஆக 8,500.

நம்மில் பலர் இங்கேயே நிறுத்திவிடுவோம். "90 பேருக்கு 8,500 செலவு. தலைக்கு நூறு ரூபாய் வாங்கினால் 9,000 வரும். 500 ரூபாய் லாபம்!" என்று சந்தோஷப்படுவோம்.

அது லாபம் இல்லைம்மா. நான்கு பெண்கள் முந்தின நாள் மதியமும் மறுநாள் விடிகாலை ஐந்து மணியிலிருந்தும் நின்று உழைத்திருக்கிறார்கள். ஐந்நூறை நான்கால் வகுத்தால் தலைக்கு 125 ரூபாய். 2024-25-ல் நம்ம மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலியே 319 ரூபாய். மண் வெட்டினாலும் அதைவிட இரண்டரை மடங்கு கிடைத்திருக்கும். அப்படியென்றால் நாம லாபம் பார்க்கவில்லை. சாப்பிட்டவர் ஒவ்வொருவருக்கும் நம்ம கையிலிருந்து காசு போட்டுச் சோறு போட்டிருக்கிறோம்.

சரியான கணக்கு இதுதான். 8,500-க்குக் கீழே 'கூலி' என்று ஒரு வரி எழுதணும். நான்கு பேர், ஆளுக்கு 600. அது 2,400. ஆக 10,900. அதற்குக் கீழே பத்தில் ஒரு பங்கு. பாத்திரம் தேய்மானம், விலை ஏற்றம், குழுவின் நிதி இதற்கெல்லாம் 1,090. மொத்தம் 11,990. தொண்ணூறால் வகுத்தால் ஒரு சாப்பாடு 133 ரூபாய். 135 என்று சொல்லுங்கள். தைரியமாகச் சொல்லுங்கள். 'கூலி' என்ற வரி இல்லாத கணக்கு, கணக்கே இல்லை.

"135 சொன்னால் யார் வாங்குவா? பக்கத்துக் குழு 100-க்குக் கொடுக்குதே" என்று நீங்கள் கேட்கிறது எனக்குக் கேட்கிறது. அதுதான் இன்றைக்கு நம்ம முன்னால் இருக்கிற பிரச்சினை. வாங்குகிறவர் நம்மிடம் வந்து "அவங்க நூறுக்குத் தர்றாங்க" என்பார். அவர்களிடம் போய் "இவங்க தொண்ணூறுக்குத் தர்றாங்க" என்பார். நாம இரண்டு குழுவும் ஒரே கூட்டமைப்பு. ஆனால் ஒருத்தர் கூலியை ஒருத்தர் வெட்டிக்கொண்டிருப்போம். விலை குறைந்தால் அரிசிக் கடைக்காரர் குறைக்கப் போவதில்லை. கோழிக் கடைக்காரர் குறைக்கப் போவதில்லை. குறைவது நம்ம கூலி மட்டும்தான்.

கடல் விலை, எழுத்து ஒப்பந்தம்

இறால், மீன் பிரியாணிக்கு இன்னொரு கவனம் வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது இறால் கிடைப்பதும் அரிது, விலையும் ஏறும். அந்த இரண்டு மாதத்தில் கல்யாணமும் நிறைய வரும். மார்ச்சிலேயே மே மாத ஆர்டர் பேசுகிறவர்கள், இறால் விலையை மார்ச் விலைக்குப் பேசாதீர்கள். "அன்றைய கடல் விலை" என்று ஆர்டரில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த மாதத்துக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆர்டர் எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் குழு ஒரு விசேஷத்துக்குச் சமைத்தது. 150 பேர் என்று சொன்னார்கள், 150 பேருக்குச் செய்து கொடுத்தோம். மழை வந்து ஆள் குறைந்தது. 100 பேருக்குத்தான் பணம் தருவோம் என்றார்கள். அன்றைக்கு எங்கள் பொருளாளரிடம் அவர்கள் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தது, பாதிப் பணமும் முன்கூட்டியே வாங்கியிருந்தார். சீட்டை நீட்டினோம். சண்டை இல்லாமல் முழுப் பணமும் வந்தது. ஒரு ரூபாய் பேனாவின் வேலை அது.

சாப்பிட்டவர் நலமும் நம்ம பொறுப்பு

சோறு விஷயத்தில் ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ளணும். அரிசியிலேயே இருக்கிற ஒரு கிருமியின் வித்து, கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கை பொறுக்க முடியாத சூட்டில், அதாவது 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கணும். இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்கணும். காலையில் செய்த பிரியாணியைச் சாயங்காலம் சுட வைத்து விற்கிற வேலை நமக்கு வேண்டாம். எவ்வளவு மிஞ்சினாலும் வேண்டாம்.

கேசரிப் பவுடர், சிவப்புப் பவுடர் போட வேண்டாம். பிரியாணியில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. முண்டு மிளகாய் கொடுக்கிற நிறமே போதும்.

விற்பனை சிறிசாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். நம்ம மாதிரிச் சின்ன விற்பனைக்குப் பதிவுச் சான்று போதும்.   அந்தச் சான்றைக் காட்டினால் அரசு அலுவலகக் கூட்டம், பள்ளிக்கூட விழா என்று ஆர்டர் கேட்கும்போது நமக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

கூட்டமைப்பிடம் நான் கேட்பது

நான்கே நான்கு விஷயம் கேட்கிறேன். தீர்மானமாக எழுதுங்கள் என்று தலைவியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, சமுதாய முதலீட்டு நிதியிலிருந்து இருபது கிலோ தேக்சா இரண்டும் அதற்கான அடுப்பும் கரண்டிகளும் கூட்டமைப்பின் பேரில் வாங்குவோம். ஆர்டர் எடுக்கிற குழு வாடகை கொடுக்கட்டும். வெளியே போகிற வாடகைப் பணம் நம்ம பெட்டிக்குள்ளேயே வரும்.

இரண்டு, சீரகச் சம்பாவையும் முண்டு மிளகாயையும் பட்டை கிராம்பையும் எல்லாக் குழுவுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குவோம். மிளகாய் விளைவிக்கிற ஊர்களிலும் நம்ம மாதிரிக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களிடமே நேராக வாங்கலாம். அவர்களுக்கும் நல்ல விலை, நமக்கும் நல்ல சரக்கு.

மூன்று, ஒரு நாள் கூலி இவ்வளவு என்று கூட்டமைப்பு ஒன்றாக முடிவு செய்யட்டும். அதற்குக் கீழே எந்தக் குழுவும் கணக்குப் போடக்கூடாது. ருசியில் போட்டி போடுவோம், சுத்தத்தில் போட்டி போடுவோம். கூலியில் போட்டி வேண்டாம்.

நான்கு, பூண்டு உரிக்க வருகிற பெண்ணின் பெயரும் வருகைப் பதிவில் எழுதப்பட வேண்டும். அவருக்கும் அன்றைக்கே கூலி கொடுக்க வேண்டும். நமக்கு நடந்ததை நாம இன்னொரு பெண்ணுக்குச் செய்யக்கூடாது. நாம ஆர்டர் எடுக்கிறவர்களாக ஆகி, நம்ம வீட்டுப் பின்பக்கம் இன்னொருத்தி தூக்குவாளியோடு காத்து நின்றால், இத்தனை வருஷம் குழு நடத்தி என்ன பிரயோஜனம்?

தூக்குவாளியில் சோறு கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நம்ம பழக்கம், அந்த அன்பு இருக்கட்டும். கூலியை எண்ணிக் கையில் கொடுத்த பிறகு, சோற்றையும் நிறைத்துக் கொடுப்போம். அப்போதுதான் அது அன்பளிப்பு.

 கணக்குத் தாளைக் குழுவுக்கு ஒன்றாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். போகும்போது ஊக்குநர்கள் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு நெய்ச்சோறும் தாளிச்சாவும். சமைத்தது நம்ம உறுப்பினர்கள்தான். அவர்களுக்கு உரிய கூலியைப் பொருளாளர் காலையிலேயே கொடுத்துவிட்டார். நிம்மதியாகச் சாப்பிட்டுப் போங்க.